நிற்கும் நீரில் அமிலம் பரவும் விதம்

தண்ணீரில் விட்ட அமிலம் தானே கலந்துவிடும் என்பது நம் குடியானவர்களிற் பலர் கொண்டுள்ள எண்ணம். இவ்வெண்ணம் முற்றும் பொய்யன்று. எவரும் கலக்காமல் விட்டாலும் அமிலம் ஒருநாள் நீர் முழுவதும் சமமாகப் பரவியே தீரும். ஆனால் அந்த ஒருநாள் எப்பொழுது வரும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். நானும் ஒரு காலத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்குரிய விலையையும் கொடுத்தேன். அதனை முதலிற் சொல்லிவிடுவது நலம்.

எங்கள் தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. சொட்டுநீர்க் குழாய்களின் வாய்களில் வெண்ணிறப் படிவு கட்டி நீர் தடைப்படவே, உப்புத் திராவகம் எனப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீரிற் கலந்து குழாய்களில் விட ஏற்பாடு செய்தேன். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் நீரை நிரப்பினோம். அமிலத்தின் புகை மூக்கில் ஏறாதிருக்கும் பொருட்டு, ரப்பர்க் குழாய் ஒன்றைப் பீப்பாயின் அடிவரை இறக்கி, அதன் வழியே ஐந்து லிட்டர் அமிலத்தை மெல்ல இறக்கினோம். "இரவெல்லாம் கிடந்தால் கலந்துவிடும், காலையில் விட்டுக்கொள்ளலாம்" என்று ஆட்களிடம் சொல்லிப் போனவன் நான்தான். காலையில் உறிஞ்சு குழாயின் நுனி பீப்பாயின் அடியில் இருந்தபடியே நீரைத் திறந்தார்கள். முதல் வால்வுக்குட்பட்ட நான்கு வரிசைத் தக்காளி நாற்றுகள், நட்டுப் பதினைந்து நாள் ஆனவை, மறுநாளே தண்டின் அடி கருகித் தலை சாய்ந்தன. வடிகட்டியின் இரும்புச் சல்லடையும் அரிக்கப்பட்டது. பீப்பாயின் மேல்மட்டத்து நீரில் நீல லிட்மஸ் தாளைத் தோய்த்துப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. ஓர் இரவு முழுவதும் கிடந்தும் அமிலம் அடியிலேயே தங்கியிருந்தது.

கடையில் விற்கும் திராவகம் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.16 கிலோ எடையுள்ளது. நீரோ 1 கிலோ. கனத்த பொருளை மெல்ல அடியில் இறக்கினால் அது அடியிலேயே ஓர் அடுக்காக நிற்கும். பிறகு அது மேலே ஏறுவதற்கு ஒரே வழிதான் உண்டு: அமிலத்தின் துகள்கள் ஒவ்வொன்றும் நீரின் துகள்களால் எல்லாத் திசைகளிலும் இடிபட்டு, போக்கிடம் தெரியாத பித்தனைப் போல அங்குமிங்கும் அலைந்து, அந்த அலைச்சலிலேயே சிறிது சிறிதாக மேலே பரவுதல். இதற்குத்தான் பரவல் என்று பெயர்.

இதனை முறையாக அளந்து பார்த்தவர்களுள் முதன்மையானவர் கிளாஸ்கோ நகரிற் பிறந்த தாமஸ் கிரகாம் என்பவர். 1861-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், கண்ணாடிச் சாடிகளில் நீரை நிரப்பி, கரைசலை நுண்குழாயால் அடியில் இறக்கி, அசைக்காமற் பல நாள் வைத்து, பின்னர் மேலிருந்து பதினாறு சம பாகங்களாக நீரை எடுத்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு பொருள் ஏறியுள்ளது என்று நிறுத்துப் பார்த்தார். எங்கள் பீப்பாயில் நாங்கள் அறியாமற் செய்ததும் இந்தப் பரீட்சையே. வேறுபாடு, அவர் தெரிந்து செய்தார் என்பதுதான். ஒரே அளவு பரவுவதற்கு உப்புத் திராவகம் 1 நாள் எடுத்துக்கொண்டால், சாதாரண உப்பு 2.33 நாளும், சர்க்கரை 7 நாளும், முட்டையின் வெண்கருப் பொருள் 49 நாளும், காய்ச்சிக் கருக்கிய சர்க்கரை 98 நாளும் எடுத்துக்கொள்ளும் என்று அவர் கணக்கிட்டார். ஆகவே கரையும் பொருள்களுள் உப்புத் திராவகம் மிக விரைந்து ஓடுவது. அப்படிப்பட்ட விரைந்த பொருளே எங்கள் பீப்பாயில் ஓரிரவில் மேலே வரவில்லை என்றால், மற்றவை பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

கிரகாமின் அளவுகளுக்கு ஒரு கணித விதியைத் தந்தவர் அடோல்ப் பிக் என்னும் ஜெர்மானிய உடலியல் அறிஞர், ஆண்டு 1855. விதி எளியது. ஓரிடத்தில் அமிலம் செறிந்தும் அடுத்த இடத்தில் குறைந்தும் இருந்தால், செறிந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு அமிலம் செல்லும்; ஒரு மணியில் செல்லும் அளவு, அவ்விரண்டிடங்களுக்கும் இடையேயுள்ள செறிவு வேற்றுமை எவ்வளவு சரிவாக உள்ளதோ அதற்கு ஏற்றபடி இருக்கும். வாய்க்காலின் சரிவு கூடினால் நீரின் ஓட்டம் கூடுவது போலவே இதுவும். வேற்றுமை இரட்டித்தால் செல்லும் அளவும் இரட்டிக்கும். தூரம் இரட்டித்தால், அதே வேற்றுமை இரு மடங்கு நீளத்திற் பரந்து சரிவு பாதியாகும். செல்லும் அளவும் பாதியாகும்.

இந்த விதியிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. விவசாயிக்கு வேண்டியது அதுவே. தூரம் இரண்டு மடங்கானால் பரவுங்காலம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கு தூரத்திற்கு ஒன்பது மடங்கு காலம். பத்து மடங்கு தூரத்திற்கு நூறு மடங்கு காலம். நிலையான நீரில், நம் நாட்டு வெப்பத்தில், உப்புத் திராவகத்தின் துகள்கள் சராசரியாக ஒரு மில்லி மீட்டர் விலகுவதற்கு மூன்று நிமிஷம் போதும். ஒரு சென்டி மீட்டருக்கு ஏறக்குறைய நாலரை மணி வேண்டும். பத்து சென்டி மீட்டருக்குப் பத்தொன்பது நாள். ஒரு மீட்டருக்கு ஐந்து ஆண்டுக்கு மேல். எங்கள் பீப்பாயில் நீரின் உயரம் எண்பது சென்டி மீட்டர். கணக்குப்படி மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருந்திருக்க வேண்டும். நான் காத்திருந்தது ஓரிரவு. கட்டையால் கலக்கியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

கலக்குவது எவ்விதம் உதவுகிறது என்று சிலர் கேட்கலாம். கட்டை அமிலத்தைப் பரவச் செய்வதில்லை. அமில அடுக்கை மெல்லிய இழைகளாக்கி நீரின் இடையே நுழைத்து விடுகிறது. இழைக்கும் இழைக்கும் இடையே ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான தூரமே எஞ்சியபின், மிச்சத்தைப் பரவல் தானே செய்து கொள்கிறது. நெடுந்தூரத்தில் அது சோம்பேறி; சிறு தூரத்திலோ மிகச் சுறுசுறுப்பானது.

இனிச் செறிவின் விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். செறிவு மிகுந்தால் சரிவு மிகும், அதனால் செல்லும் அளவும் மிகும் என்பதைக் கண்டோம். ஆனால் செறிவு வேற்றுமையை ஒதுக்கிவிட்டு, அமிலத்தின் இயல்பான ஓட்ட வேகத்தை மட்டும் பார்த்தாலும், அதுவும் எல்லாச் செறிவிலும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேகத்தைப் பரவல் எண் என்பர். 25 டிகிரி வெப்பத்தில், மிக மிக நீர்த்த உப்புத் திராவகத்தின் பரவல் எண், விநாடிக்கு ஒரு சதுர சென்டி மீட்டரின் லட்சத்தில் 3.34 பங்கு. லிட்டரில் 3.65 கிராம் அமிலம் உள்ளபோது அது 3.05-ஆகக் குறைகிறது. லிட்டரில் 36.5 கிராம் ஆனால் 3.44-ஆக ஏறுகிறது, 73 கிராம் ஆனால் 4.05. முதலிற் சற்று இறங்கிப் பின் ஏறும் இந்த நடை, கேட்பவருக்கு வியப்பளிக்கலாம்.

காரணம் இது. நீரிற் கரைந்ததும் உப்புத் திராவகம் ஹைட்ரஜன் அயனி, குளோரைடு அயனி என்று இரு துகள்களாகப் பிரிகிறது. ஹைட்ரஜன் அயனி தனியே விடப்பட்டால் குளோரைடைக் காட்டிலும் நாலரை மடங்கு வேகமாக ஓடக்கூடியது. ஆனால் அவை எதிரெதிர் மின்னூட்டம் உடையவை. ஒன்று முந்திச் சென்றால் மற்றது அதனைப் பின்னிழுக்கும், அதுவும் தன் பங்குக்கு முன்னிழுக்கப்படும். இளங்காளையையும் கிழ எருதையும் ஒரே நுகத்திற் பூட்டியது போல இரண்டும் ஒரு நடுத்தர வேகத்திற் செல்கின்றன. இதனை 1888-இல் விளக்கியவர் நெர்ன்ஸ்ட் என்னும் அறிஞர். செறிவு சிறிது கூடும்போது அக்கம்பக்கத்து அயனிகளின் இழுப்பும் சேர்ந்து வேகத்தை மட்டுப்படுத்துகிறது. செறிவு மேலும் மிகும்போது, நெருக்கடி தாளாமல் ஒன்றையொன்று வெளியே தள்ளும் போக்கு மேலோங்கி வேகம் கூடுகிறது.

காடியின் புளிப்பாகிய அஸெட்டிக் அமிலத்தின் நடை வேறு. அது வலுவற்ற அமிலம். லிட்டருக்கு ஆறு கிராம் கரைந்துள்ள நீரில், நூறு மூலக்கூறுகளில் ஒன்றோ இரண்டோதான் அயனிகளாகப் பிரிந்திருக்கும். ஏனையவை முழு மூலக்கூறாகவே நகர்கின்றன. அவற்றின் பரவல் எண் 1.2 அளவே. நீரை மேன்மேலும் சேர்த்து மிக நீர்த்த நிலைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலானவை பிரிந்துவிடும். அப்பொழுது எண் ஏறக்குறைய 1.95 வரை உயரும். ஆகவே நீர்த்த காடி, செறிந்த காடியைவிடச் சற்று வேகமான கால்களை உடையது. ஆனால் இதனைக் கேட்டு, நீர்த்த அமிலமே அதிக வேலை செய்யும் என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். கால்கள் வேகமானவை என்றாலும் நடப்பவர் தொகை மிகக் குறைவு. ஓரிடத்திற்கு ஒரு மணியில் வந்து சேரும் அமிலத்தின் மொத்த அளவைச் செறிவே பெரிதும் தீர்மானிக்கிறது. பரவல் எண்ணின் ஏற்றத்தாழ்வு அதில் ஒரு சிறு திருத்தம் மட்டுமே. வெப்பமும் இப்படிப்பட்டதே: 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால் பரவல் ஏறக்குறையக் கால் பங்கு விரைவுபடும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இவற்றைக் கண்ணாற் காண விரும்புவோர் வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடாயின் மிகவும் நன்று. கடல்பாசி என்றும் சைனாகிராஸ் என்றும் கடைகளில் விற்கும் பொருளில் ஒரு கிராமை 100 மில்லி லிட்டர் நீரிற் போட்டு, நன்றாகக் கொதிக்க வைத்துக் கரைக்கவும். ஒரு பிடி நீலச் சங்குப்பூவைச் சிறிது வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றை இதனுடன் சேர்க்கவும். ஒரே அகலமுள்ள இரண்டு நீண்ட கண்ணாடிக் குழல்களில் முக்கால் அளவு ஊற்றி ஆறவிட்டால், நீல நிறக் களியாக உறைந்துவிடும். களியினுள் நீர் அசையாது. ஆனால் பரவல் தடையின்றி நடக்கும். கிரகாமும் தம் பரீட்சைகள் சிலவற்றில் நீருக்குப் பதிலாக இத்தகைய களியை உபயோகித்துள்ளார். ஒரு குழலில் வடிகட்டிய எலுமிச்சம்பழச் சாற்றையும், மற்றதில் ஒன்பது பங்கு நீர் சேர்த்த சாற்றையும் களியின் மேல் ஊற்றவும். அமிலம் இறங்கும் இடமெல்லாம் நீலம் மாறிச் செவ்வூதாவாகும். நிறம் மாறிய எல்லையை அளவுகோலால் மணிதோறும் குறித்து வரவும்.

முதல் மணியில் எல்லை மூன்று மில்லி மீட்டர் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் மணி முடிவில் அது ஆறிலும், ஒன்பதாம் மணி முடிவில் ஒன்பதிலும் நிற்கும். நான்காம் மணியில் பன்னிரண்டில் நிற்காது. நீர்த்த சாற்றுக் குழலில் எல்லை பின்தங்கியிருக்கும். ஆனால் செறிவு பத்திலொன்றாகக் குறைந்ததற்கு ஏற்ப ஆழமும் பத்திலொன்றாகக் குறைந்திருக்காது. இந்த இரண்டும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் கையாலேயே எழுதப்படுமாயின், பின்னர் அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிராது.

சொட்டுநீர்க் குழாய்க்குத் திரும்புவோம். படிவை நீக்க, அமிலங் கலந்த நீரின் பி.எச். அளவு 4 வரும்படி செய்து, குழாய்களில் நிரப்பி, ஒரு நாள் நிறுத்தி வைத்து, பின் கடைமூடிகளைத் திறந்து நல்ல நீரால் அலசுவது வழக்கம். இதில் நிரப்புதல் என்ற சொல்லை ஊன்றிப் படிக்க வேண்டும். அமில நீர் முதன்மைக் குழாய்க்கு வந்தவுடன் மோட்டாரை நிறுத்திவிட்டு, "மீதி தூரம் தானே ஊறிப் போகும்" என்று விட்டு விடுகிறவர்கள் உண்டு. ஐம்பது மீட்டர் நீளமுள்ள கிளைக்குழாயின் கோடிக்கு அமிலம் தானே பரவிச் செல்ல, மேற்கண்ட கணக்கின்படி பதின்மூவாயிரம் ஆண்டு ஆகும். ஆகவே ஒவ்வொரு கிளையின் கடைமுனையிலும் நீரைப் பிடித்துத் தாளால் சோதித்து, அங்கும் அமிலம் வந்துவிட்டது என்று கண்ட பிறகே மோட்டாரை நிறுத்த வேண்டும். அதற்குப் பின், குழாயின் நடுவிலிருந்து வாயில் உள்ள படிவு வரை எஞ்சியுள்ள சில மில்லி மீட்டரைப் பரவல் பார்த்துக்கொள்ளும். படிவை ஒட்டிய அமிலம் சுண்ணாம்போடு கூடிச் செலவழிந்து போவதால், அங்கே செறிவு குறைந்து சரிவு உண்டாகி, நடுவிலுள்ள அமிலம் அதனை நோக்கி வந்துகொண்டிருக்கும். எனினும் குழாயினுள் உள்ள அமிலம் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு. அது தீர்ந்தபின் இரண்டு நாள் நிறுத்தினாலும் பயனில்லை. தடித்த படிவுக்கு, பழைய நீரை வெளியேற்றிப் புதிய அமில நீரை மறுமுறை நிரப்புவதே வழி.

பீப்பாயிற் கலக்கும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதலில் நீர், பிறகு அமிலம். எக்காரணத்தாலும் அமிலத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. கந்தகத் திராவகமாயின் உயிருக்கே ஆபத்து. அதன் எடை லிட்டருக்கு 1.84 கிலோ, மேலே ஊற்றும் நீர் கலவாமல் மிதந்து, இரண்டும் தொடும் இடத்தில் கொதிக்கும் அளவு சூடு எழுந்து, துளிகள் முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றி இவ்வேலையைத் தொட வேண்டாம். சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் நீண்ட மரக்கட்டையால் அடிவரை கலக்கி, மேல்மட்டத்து நீரையும் அடிமட்டத்து நீரையும் தனித்தனியே தாளாற் சோதிக்கவும். இரண்டும் ஒரே நிறம் காட்டினால்தான் கலந்தது என்று பொருள். இந்தச் சோதனைக்கு அரை நிமிஷமும் ஆகாது. நாலு வரிசை நாற்றுக்கு அதனினும் மலிவான காப்பு இல்லை.

பருத்தி விதையின் பஞ்சை நீக்கக் கந்தகத் திராவகத்தை உபயோகிக்கும் இடத்திலும் இதே விதி நின்று பேசுகிறது. ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி லிட்டர் வீதம் பிளாஸ்டிக் வாளியில் விட்டு, இரண்டு மூன்று நிமிஷம் விடாமற் கிளறி, உடனே ஏராளமான நீரில் அலசுகிறோம். கிளறாவிட்டால் அடியிலுள்ள விதை வெந்துபோகும், மேலுள்ளது பஞ்சோடு நிற்கும். நேரம் மிஞ்சினால், விதையின் மெல்லிய தோலைக் கடந்து அமிலம் உள்ளே பரவத் தொடங்கிவிடும். மில்லி மீட்டர்க் கணக்குள்ள தூரத்தில் பரவல் எவ்வளவு சுறுசுறுப்பானது என்பதை மேலே கண்டோம். அலசும்போது சிலர் ஒரே வாளி நீரில் விதையை நெடுநேரம் ஊறப்போட்டு, அமிலம் போய்விட்டது என்று எண்ணுகிறார்கள். விதையைச் சுற்றிய நீரும் அமிலமாகிவிட்ட பிறகு உள்ளிருந்து வெளிவர என்ன சரிவு இருக்கிறது? நான்கைந்து முறை நீரை மாற்றினால், ஒவ்வொரு முறையும் வெளியே செறிவு தாழ்ந்து, உள்ளிருப்பது புதிதாக இழுக்கப்படும். முதல் அலசலில் மட்டும் நீர் குறைவாக இருக்கவே கூடாது. விதையில் ஒட்டிய திராவகம் சிறிதளவு நீரைக் கண்டால் சூடேறி முளையைக் கொன்றுவிடும்.

மண்ணுக்குள் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. சூப்பர் பாஸ்பேட்டிலிருந்து கரையும் பாஸ்பாரிக் அமிலச் சத்து, தெளிந்த நீரில் உப்புத் திராவகத்தைக் காட்டிலும் மெதுவாகவே பரவும். மண்ணிலோ நீர் துகள்களுக்கு இடையே வளைந்து வளைந்து கிடக்கிறது. அன்றியும், சுண்ணாம்பும் இரும்பும் அலுமினியமும் வழிநெடுக அச்சத்தைப் பிடித்து வைத்துக் கொள்கின்றன. ஆகையால் நூறு நாட் பயிர்க்காலத்தில் அது இட்ட இடத்திலிருந்து சில மில்லி மீட்டருக்கு மேல் நகர்வதில்லை. வேர் அதனிடம் வரவேண்டுமே அன்றி, அது வேரைத் தேடிச் செல்லாது. நிலமெங்கும் மேலாக வீசிய பாஸ்பேட் மேல்மண்ணிலேயே கிடந்து விடுவதும், சாலில் விதைக்குச் சற்றுக் கீழும் பக்கமுமாக இட்டது பயிருக்கு எட்டுவதும் இதனாலேதான். மேலாக வீசிவிட்டவர்கள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஒருசால் உழுது அதனை வேரின் ஆழத்திற்குப் புரட்டிவிட வேண்டும்.